லூடோவுக்கு ஐந்தாவது காய்

1990 பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் பனி. பூசை முடிந்து வெளியே வந்தபோதும் சைக்கிள் சீட் ஈரம். கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை கறுப்பானதை லூர்து பார்த்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு. இருபத்திரண்டு வருடக் கல்யாணம், இன்னும் கைக்குட்டைக்குத்தான் அர்ச்சனை.

மதியம் கறிக்குழம்பு. உப்பு ஒரு கை தூக்கல். சொல்லவில்லை.

நாலு மணிக்கு வழக்கம்போல் லூடோ. நான் நீலம், லூர்து மஞ்சள், பெரியவள் ஜெசிந்தா சிவப்பு, சின்னவள் ஸ்டெல்லா பச்சை. ஸ்டெல்லா கையில் பகடை பிடிக்கத் தெரிந்த நாள் முதல் நிறம் மாறியதில்லை. அட்டையும் அதேதான். நடு மடிப்பில் மூன்றாவது தடவையாகத் துணி ஒட்டியிருக்கிறேன்.

இன்று ஆட்டம் சவசவ. அரை மணியில் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஜெசிந்தா வெட்டுவதற்காகவே ஆடுகிறவள். பழம் ஆகப் போகிற தன் காயை அப்படியே விட்டுவிட்டு, எங்கோ பின்னால் கிடக்கிற காயை நகர்த்தி வந்து என் காயை வெட்டுவாள். வெட்டிய காயை இரண்டு விரலால் தூக்கி என் மடியில் போட்டு, "போங்க, மொதல்லேர்ந்து வாங்க" என்பாள். எட்டு வயதில் ஆரம்பித்த திமிர், இருபது வயதிலும் குறையவில்லை. போன டிசம்பர் வரைக்கும்.

இன்று ஒரே ஒரு காய்தான் வெட்டினாள். அதுவும் அம்மாவுடையது. "சாரிம்மா" என்று சொன்னாள். சாரியாம்.

ஸ்டெல்லா கொட்டாவி விட்டபடி: "போர் அடிக்குதுப்பா. இதுல புதுசா இன்னா கீது?"

மடத்தில் சேரப் போகிறேன் என்று ஜெசிந்தா சொல்லி இன்றோடு எட்டு வாரம். ஜூனில் போக வேண்டும். சிஸ்டர் ஆகப் போகிற பெண். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கோயிலில் கை கொடுக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இருக்கிறது, வேறு குறை ஒன்றும் இல்லை. வரவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

கம்பெனியில் லேத்தில் புஷ் கடைகிற வேலை, இருநூறு உருப்படி. பாதி வேலையில் கரண்ட் போனது. அந்த அரை மணியில் ஒரு யோசனை.

ஸ்டெல்லா சொன்னது சரி. லூடோவில் புதுசு வேண்டும். அட்டையை மாற்ற வேண்டாம். ஆளுக்கு ஒரு காய் மட்டும் கூடுதல். ஐந்தாவது காய். பித்தளையில் நானே கடைந்துவிடலாம். ஸ்கிராப் பெட்டியில் ராடு முனைத் துண்டுகள் கிடக்கின்றன. சூப்பர்வைசரிடம் கேட்டேன், "எடுத்துக்கோய்யா" என்றார்.

சட்டங்கள் (மறப்பதற்குள்):
ஐந்தாவது காய் வெளியே வர ஆறு தேவையில்லை. ஒன்று விழுந்தால் போதும். (ஒன்று விழுந்தால் எல்லோருக்கும் எரிச்சல். இனி அதற்கும் மரியாதை.)
முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம்.
அதற்குப் பழம் கிடையாது. வெட்டுவது ஒன்றே அதன் வேலை.
அதை யாராவது வெட்டினால் அந்த ஆட்டத்துக்கு அது திரும்பி வராது.

ஆட்டம் சூடு பிடித்தால் பெரியவள் பழையபடி கத்துவாள். கத்தினாள் என்றால் பழைய ஜெசிந்தா உள்ளே இன்னும் இருக்கிறாள் என்று அர்த்தம். இருந்தால் ஒருவேளை

அதற்கு மேல் எழுதவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

முதல் காய் முடிந்தது. அழகாக வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் அட்டையில் வைத்துப் பார்த்தால் கட்டத்தைவிடப் பெரிது. இருபது வருட டர்னர், கட்டத்தை அளக்காமல் காயைக் கடைந்திருக்கிறேன். வெளியே சொன்னால் வெட்கம்.

மறுபடி. இந்தத் தடவை அகலம் ஒன்பது மில்லிமீட்டர். கழுத்தில் ஒரு பள்ளம், அதில் நிறம் பூசிக்கொள்ளலாம்.

தண்ணீர் லாரி வரவில்லை. லூர்துவும் எதிர்வீட்டு அம்மாவும் குடத்தோடு காத்திருந்து சண்டையில் முடிந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

வேப்பம்பட்டில் லூர்துவின் அண்ணன் வீட்டில் விருந்து. ஜெசிந்தாவுக்காக. மீன், கோழி, பாயசம். அவளை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி. மாப்பிள்ளை மட்டும் இல்லை.

மச்சான் கை கழுவும்போது கேட்டார்: "ஊட்டுக்கு ஒரு சிஸ்டர். நம்ம குடும்பத்துலயே இல்லாத பாக்கியம். நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள? வாயே தொறக்க மாட்டேங்கறீங்க."

"நான் இன்னா சொல்றது. அவ இஷ்டம்."

அவர் என் முதுகில் தட்டினார். நல்ல அப்பா என்று அர்த்தம். சோப்பு கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திரும்பக் கழுவினேன்.

திரும்ப ரயில். வீடு சேர இருட்டிவிட்டது. இந்த வாரம் லூடோ இல்லை.

பிப்ரவரி 28, புதன்

திருநீற்றுப் புதன். ஆறு மணிப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு நேரே கம்பெனி. இந்தத் தவக்காலத்துக்கு டீயை விட்டிருக்கிறேன். பதினோரு மணிக்கே தலைவலி.

நாலு காயும் முடிந்தது. கடைசிக் காயை நான் பாலிஷ் போடும்போது டிரில் மெஷின் முனுசாமி வந்து நின்றான். வானகரத்துக்காரன், பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து மெஷின்.

"இன்னா அண்ணாத்தே, நெத்தில சாம்பல பூசிகினு கைல பொம்மை கடைஞ்சிகினு கீற? உங்க சாமி ஒத்துக்குமா?"

விளக்கினேன். அவனுக்கு உடனே ஆடிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மணியில் தரையில் சாக்பீஸால் கட்டம். நாலு பேர் உட்கார்ந்தோம். என் கடைசிக் காய் பழத்துக்குப் போகும் பாதையில் திரும்ப இரண்டே கட்டம். ஜெயித்தாயிற்று என்று டிபன் பாக்ஸை மூடுகிறேன். முனுசாமியின் பித்தளைக் காய் எனக்கு முன்னால் போன இடத்திலிருந்து நாலு கட்டம் பின்னால் வந்து போட்டது ஒரு போடு.

"ஊட்டு வாசல்ல வெச்சு தூக்கினேன் பாத்தியா மாமே!"

அவன் போட்ட கூச்சலில் பேக்கிங் பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் திட்ட வந்து, நின்று, ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு: ஐந்தாவது காய் வேலை செய்கிறது. பழைய ஆட்டம்தான், ஆனால் முதுகுக்குப் பின்னாலும் பயம் இருக்கிறது. வெற்றி பக்கத்தில் வரவரப் பயம் கூடுகிறது. நல்ல ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன்போல் இருக்கிறது.

மார்ச் 4, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. பூசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள்.

நாலு மணி. அட்டையை விரித்தேன். பையிலிருந்து நாலு காயையும் எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்தேன். ஸ்டெல்லா ஓடி வந்தாள். "தங்கமாப்பா?"

லூர்து அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கையில் கரண்டி. அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "இன்னாங்க இது. தவக்காலம்" என்றாள்.

நான் விழித்தேன்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்க போட்ட சட்டம்பா அது."

நான் போட்டதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால். அந்தத் தவக்காலத்தில் ஜெசிந்தா மிட்டாய் விட்டாள், லூர்து கறி விட்டாள், நான் பீடி விட்டேன். ஸ்டெல்லாவுக்கு விட ஒன்றும் இல்லை என்று அழுதாள். குடும்பமாகச் சேர்ந்து ஒன்றை விடுவோம் என்று சொல்லி, திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை லூடோ கிடையாது என்று நானே எழுந்து நின்று செபம் சொல்லி ஆரம்பித்து வைத்தேன். ஒவ்வொரு வருடமும் முந்தின ஞாயிறு கடைசி ஆட்டம் ஆடி, அட்டையைப் பரணில் வைப்போம். இந்த வருடம் அந்த ஞாயிறு வேப்பம்பட்டில் போய்விட்டது. யாரும் அட்டையைப் பரணில் வைக்கவில்லை. எனக்கு மண்டையில் ஏறவில்லை. டீயை நினைவாக விட்டவன், நெற்றியில் சாம்பலோடு லூடோ காய் கடைந்திருக்கிறேன்.

"ஈஸ்டருக்கு ஆடலாம்பா" என்றாள் ஜெசிந்தா. அவளே காய்களைப் பழைய பஞ்சில் சுற்றினாள். "ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க."

ஈஸ்டர் ஏப்ரல் 15. அதற்கப்புறம் ஜூன் வரை ஆறேழு ஞாயிறு. போதும். போதுமா?

மார்ச் 9, வெள்ளி

சிலுவைப் பாதை. முட்டி வலி. முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். மடத்துக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். அப்பா கைப்பட எழுத வேண்டும். மாதிரி ஒன்று கொடுத்தார். "அவசரம் இல்ல, சூசை. யோசிச்சு மனசார எழுது" என்றார்.

மனசார எழுதாத கடிதத்துக்கு மாதிரி இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். "சரி ஃபாதர்" என்றேன்.

மார்ச் 13, செவ்வாய்

தபால். மடத்திலிருந்து மதர் எழுதியிருக்கிறார். புதிதாகச் சேரும் பெண்கள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தை மடத்தில் கழித்தால் நல்லது, எனவே ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், ஏப்ரல் 4 புதன்கிழமை புறப்பட்டு வரவும். எழும்பூரில் ஒரு சிஸ்டர் வந்து அழைத்துப் போவார்.

கொண்டுவர வேண்டியவை:
வெள்ளைப் புடவை 3
ரவிக்கை, உள்பாவாடை தலா 4
தகரப் பெட்டி, பூட்டு
கொசுவலை
தட்டு, டம்ளர், பக்கெட்
நகை எதுவும் வேண்டாம்

லூர்து கடிதத்தை மாதா படத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாங்க, ஈஸ்டருக்குக் கூட இருக்க மாட்டாளா?" என்றாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே கொசுவலை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது.

ஈஸ்டர் ஆட்டம் இல்லை. விரலை மடக்கிப் பார்த்தேன். எப்படி மடக்கினாலும் இல்லை.

மார்ச் 15, வியாழன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். மாதிரியில் இருப்பது: "என் மகள் தேவ அழைத்தலை ஏற்றுத் துறவற வாழ்வில் நுழைய முழு மனதோடு சம்மதிக்கிறேன்."

முதல் தாள், மை கொட்டியது. இரண்டாவது தாள், லூர்து வாங்கிப் படித்துவிட்டு, "முழுவ விட்டுட்டீங்க" என்றாள். பார்த்தேன். "மனதோடு சம்மதிக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக.

மூன்றாவது தாள் சரியாக வந்தது. கையெழுத்துப் போடவில்லை. சட்டைப் பையில்.

மார்ச் 16, வெள்ளி

முனுசாமி கேட்டான், "காயி எப்டி ஓடுது ஊட்ல?"

இன்னும் ஆடவில்லை என்றேன். காரணம் சொன்னேன். மடத்துச் செய்தியும் சொன்னேன். அவனுக்கு மடம், சிஸ்டர் எல்லாம் அவ்வளவாகப் பிடிபடவில்லை.

"திரும்பி வருமா பொண்ணு?"

"லீவுக்கு வருவா. சில வருஷம் கழிச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

டிரில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நானா இருந்தா கால்ல வுழுந்துருப்பேன் அண்ணாத்தே. பெத்த பொண்ணு கால்ல வுழுந்தா இன்னா தப்பு?"

அவனால் முடியும். சத்தம் போட்டுச் சிரிக்கிறவன், சத்தம் போட்டு அழவும் செய்வான். என்னால் முடியாது. கடவுள் கூப்பிடுகிறார் என்று அவள் சொல்கிறாள். குறுக்கே நிற்க நான் யார்? தடுத்து, அவள் என் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பாவம் என் தலையில். தடுத்தும் போய்விட்டால் போகிற பெண்ணின் மனதில் ஒரு முள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதை நல்ல அப்பா என்கிறார்கள்.

மார்ச் 18, ஞாயிறு

கையெழுத்துப் போட்டேன். பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, எல்லோரும் இருக்கும்போது, மேஜையில் வைத்து. ஆ. சூசை. தேதி. லூர்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடியைப் பேனாவில் சொருகிய பிறகும் நின்றாள். "வேற ஒண்ணுமில்லையாப்பா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா. ஃபாதர் கிட்ட குடுத்துடு."

எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வர வெகு நேரம். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். இன்று வெங்காயம் உரித்தது ஸ்டெல்லா.

சந்தோஷத்தில் அழுதிருப்பாள் என்கிறாள் லூர்து. இருக்கலாம்.

மார்ச் 24, சனி

அரை நாள் லீவு. ஜெசிந்தாவோடு பூந்தமல்லிக்குப் பஸ்ஸில். தகரப் பெட்டி வாங்க. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் சீட் கிடைத்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அம்பத்தூரில் ஏறும்போதே தீர்மானித்தேன்: ஆவடி தாண்டியதும் பேச வேண்டும்.

ஆவடி தாண்டியது.

"இன்னாப்பா யோசிக்கிறீங்க?"

"பெட்டி. மெல்லிசா இருந்தா துரு ஏறிடும். பாத்து வாங்கணும்."

"ஆமாப்பா."

அதற்கப்புறம் பூந்தமல்லி வரை துருவைப் பற்றியே பேசினேன். பெயின்ட், ப்ரைமர், கீழே வைக்கச் செங்கல். அவளும் கவனமாகக் கேட்டாள். கடையில் மூடியைத் தட்டிப் பார்த்து நல்ல கனமானதாக எடுத்தேன். பச்சை நிறம். மூடியில் அவள் பெயரை எழுதச் சொல்லலாமா என்றான் கடைக்காரன். "இன்னா பேர்மா?" என்று கேட்டான்.

அவள் தயங்கினாள். மடத்தில் வேறு பெயர் கொடுத்தாலும் கொடுப்பார்களாம். எனக்கு இது தெரியாது.

"வேணாங்க, பேரில்லாம குடுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது சீட் இல்லை. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றே வந்தோம்.

மார்ச் 29, வியாழன்

வேலைக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை லூடோ ஆடலாம்."

"தவக்காலம் ஆச்சே."

"ஞாயிறு தவக்கால நாப்பதுல சேராதுப்பா. திருநீற்றுப் புதன்லேர்ந்து பெரிய சனி வரைக்கும் எண்ணிப் பாருங்க, நாப்பத்தாறு வரும். ஆறு ஞாயித்தக் கழிச்சாத்தான் நாப்பது. ஃபாதர் கிட்டயும் கேட்டுட்டேன். தப்பில்லன்னார்."

ஆறு வருடமாக நான் ஞாயிறையும் சேர்த்தே கட்டிப் போட்டிருக்கிறேன். யாருக்கும் தோன்றவில்லை. எனக்காகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று புரிந்தது. இதைச் செய்யத் தெரிந்த பெண்ணை எப்படி அனுப்புவது?

கம்பெனியில் வேலை ஓடவில்லை. ஏழு புஷ் அளவு தப்பி வீண். பத்து வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

ஏப்ரல் 1, ஞாயிறு

காற்றே இல்லை. வேப்பமரம் அசையவில்லை. மின்விசிறிக்குக் கீழே அட்டையை விரித்தோம்.

முதல் பத்து நிமிடம் நான் எதிர்பார்த்தது நடந்தது. ஸ்டெல்லாவின் பித்தளைக் காய் முதலில் வெளியே வந்து, பின்னால் போய் அம்மாவை வெட்டியது. லூர்து, "அடிப்பாவி, பின்னாடியுமா வருவ!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஸ்டெல்லாவுக்குப் பிடித்துவிட்டது. "இது சூப்பர்ப்பா!" என்று குதித்தாள். எனக்குத் தெரியும், இது நல்ல காய். நான் ஜெசிந்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒன்று விழுந்தது. காயை வெளியே வைத்தாள்.

அடுத்து மூன்று. மூன்று கட்டம் பின்னால் என் நீலம். வேறு காயை நகர்த்தினாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இந்தத் தடவை ஸ்டெல்லாவே கத்தினாள், "அக்கா, அப்பா கீறாரு பாரு, வெட்டுக்கா!"

"இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டுமா? ஜெசிந்தாவின் வாயிலா?

மூன்றாவது தடவை. என் கடைசிக் காய் பழத்துக்குப் போகும் பாதையில் திரும்ப ஒரே ஒரு கட்டம். அவளுடைய பித்தளை ஐந்து கட்டம் தள்ளி. பகடையில் ஐந்து. வேறு எதை நகர்த்தினாலும் அவளுக்குப் பயனில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. அவள் தன்னுடைய இன்னொரு காயை எடுத்து, ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, அமைதியாக ஐந்து வைத்தாள்.

"வெட்டும்மா" என்றேன்.

பகடையை எடுத்து ஸ்டெல்லா பக்கம் தள்ளினாள்.

"வெட்டுன்னா வெட்டேன்! யார் உன்ன பாவம் பாக்கச் சொன்னது? இதுக்கா நான் காய் கடைஞ்சேன்?" குரல் உயர்ந்துவிட்டது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

லூர்து பயந்துபோனாள். "இன்னாங்க, ஒரு ஆட்டத்துக்குப் போய்..."

ஜெசிந்தா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க மட்டும்?" என்றாள்.

"நான் இன்னா?"

"நீங்களும் என்ன மூணு தடவை வெட்டியிருக்கலாம். நான் எண்ணிகினுதான் இருந்தேன். ரெண்டு விழுந்தப்போ ஒண்ணு. நாலு விழுந்தப்போ ஒண்ணு. இப்போ, இதுக்கு முந்தி ஒண்ணு."

அட்டையைப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தேன். சரிதான். என் கை தானாகவே வேறு காய்க்குப் போயிருக்கிறது. அவளைக் கவனித்த அளவு என்னை நான் கவனிக்கவில்லை.

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"ரெண்டு பேரும் சேந்து ஆட்டத்தையே கெடுத்துட்டீங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள்தான் ஜெயித்தாள்.

முனுசாமி நாளைக்குக் கேட்பான். காயில் குறை இல்லை என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் வெட்டிக்கொள்ள மனமிருக்கிற இடத்தில் அது நன்றாக ஓடும். எங்களுக்கு ஐந்து இல்லை, ஐம்பது காய் கடைந்தாலும் ஆகாது.

ஏப்ரல் 3, செவ்வாய்

பெட்டி கட்டியாகிவிட்டது. கொசுவலை உள்ளே போகவில்லை, தனிப் பையில். லூர்து காலையிலிருந்து எதையோ வைக்கிறாள், எடுக்கிறாள். கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள் ஜெசிந்தா. காதில் இரண்டு ஓட்டை. அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கம்பெனிக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

ஏப்ரல் 4, புதன்

எழும்பூர். பதினொன்றரை மணி வண்டி. லூர்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள், ஸ்டேஷன் வரை வந்தால் தாங்க மாட்டேன் என்று. ஸ்டெல்லா பள்ளிக்கு லீவு போட்டு அம்மாவுக்குத் துணை. நானும் ஜெசிந்தாவும் மட்டும். பெட்டி கனம். நான்தான் கனமாகப் பார்த்து வாங்கினேன்.

மடத்து சிஸ்டர் முன்பே வந்திருந்தார். சின்ன வயதுதான், முப்பது இருக்கும். நல்ல மாதிரி. "கவலைப்படாதீங்கப்பா" என்றார். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வேண்டுமென்றே நகர்ந்து போனார்.

ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே.

"அப்பா, நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு நெனச்சேன்."

ஜன்னல் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினேன்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து காத்துகினு இருந்தேன். இன்னா கேப்பீங்க, நான் இன்னா பதில் சொல்லணும்னு எல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தா?"

"போயிருப்பேன்பா. அதுல மாத்தம் இல்ல." கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "ஆனா உங்களோட சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். இப்போ யாருமே புடிச்சு இழுக்காம போற மாதிரி கீது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் இருந்தது. கடிகாரம் எதிரிலேயே தொங்கியது. வாயைத் திறந்தேன். வந்தது இது: "அம்மா குடுத்த புளிசாதத்த மொதல்ல சாப்பிட்டுடு. வெயில்ல கெட்டுடும்."

"சரிப்பா" என்றாள்.

சிஸ்டர் தண்ணீரோடு வந்து ஏறினார். வண்டி நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். பிளாட்பாரம் முடிந்தது.

வீடு திரும்பும்போது மணி இரண்டரை. லூர்து சாப்பிடக் கூப்பிட்டாள், பிறகு என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சுவரைப் பார்த்தபடியே, "போகாதம்மா" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. மூன்று மாதமாக வராதது.

தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள்.

"நான் எங்கயும் போகலயேப்பா" என்றாள்.